பின் பால்கனியில் ஒரு பியூரெட்

பத்தொன்பது ஆண்டுகள் ஸஹ்ரா பீவி ஒரு நீலத் திரவத்தில் உலோகத் துண்டுகளை முக்கி எடுத்தார். அது என்ன திரவம் என்று அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

புக்கிட் தெங்காவில், மின்னணுக் கருவிகளின் சின்னச் சின்ன உறுப்புகளுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை அது. விடிவதற்கு முன்பே ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரே கம்பெனி பஸ் வந்து நிற்கும். தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டிப் போய் இறங்கினால், அங்கே எல்லா இரசாயனத்துக்கும் ஒரே பெயர்: உபாட். மலாயில் அதற்கு மருந்து என்று பொருள். நீல உபாட், மஞ்சள் உபாட், நாத்த உபாட். பீப்பாய்களின் மேல் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். அந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்பது அலுவலகத்தில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்து அரித்தபோது ஸஹ்ரா கேட்டார். “கையுறையை நல்லா இழுத்துப் போடுங்க” என்பது பதில். தோலை உரிக்கும் ஒன்றுக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்டு, அதன் உண்மையான பெயரைப் பூட்டிவைக்கிறார்கள். இதைக் கேள்வி கேட்டவர்தான் அங்கே தொல்லைக்காரர்.

ஸஹ்ரா படிக்காதவர் அல்லர். ஐந்தாம் படிவம், அதாவது உயர்நிலைப் பள்ளி முடித்தவர். அறிவியல் வகுப்புக்கு ஆசைப்பட்டார். வகுப்பு நிறைந்துவிட்டது என்று கலைப்பிரிவில் உட்காரவைத்தார்கள். அத்தோடு வேதியியலுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2025 ஜனவரியில் கேன்டீன் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலி. ஸஹ்ராவைப்போன்ற ஆப்பரேட்டர்களும் விண்ணப்பிக்கலாம். மார்ச் கடைசியில் செய்முறைத் தேர்வு. ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஷர்வின், முப்பதைத் தாண்டாதவர், சாப்பாட்டு வரிசையில் ஸஹ்ராவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ஷர்வின் தம்பி, இதுக்கு நான் போடலாமா?”

“போடுங்கக்கா, யார் வேணாம்னு சொன்னது? ஆனா பிராக்டிக்கல் இருக்கு. பியூரெட் பிடிச்சு டைட்ரேஷன் பண்ணணும்.”

“அதை எங்க பழகுறது?”

“லேப்புலதான்.”

“அப்ப நாளைக்கு பிரேக்ல வரவா?”

“ஐயோ, லேப்புக்குள்ள ஆப்பரேட்டர் வரக்கூடாதுக்கா. ஆடிட்ல மாட்டிக்குவேன்.”

“லேப்புலதான் பழகணும். லேப்புக்குள்ள வரக்கூடாது. அப்படித்தானே?”

“ரூல் நான் போடல லா.”

“சரி, அந்த நீல உபாட் என்னான்னாவது சொல்லு.”

“அதுவா? காப்பர் சல்ஃபேட், கூட சல்ஃப்யூரிக் ஆசிட். ஏங்க்கா?”

மீன் குழம்பை எடுப்பதா கோழியை எடுப்பதா என்று பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். ஏன் என்று வேறு கேட்டார்.

டைட்ரேஷன் என்பது சொல்வதற்கு எளிது. பியூரெட் என்ற, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கவேண்டும். கீழே குடுவையில் நிறம் மாறும் கணத்தில் நிறுத்தவேண்டும். எவ்வளவு இறங்கியது என்பதைக் கொண்டு, குடுவையில் இருப்பதன் அளவைக் கணக்கிடலாம். ஒரு சொட்டு கூடிப்போனால் மறுபடி முதலிலிருந்து. இது படித்து வருவதில்லை, கைக்கு வரவேண்டும். கைக்கு வர, கையில் சாமான் இருக்கவேண்டும்.

ஆகவே ஸஹ்ரா வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைக்க முடிவு செய்தார். வீடு என்றால் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடி. ஆய்வுக்கூடம் என்றால் துணி காயப்போடும் பின் பால்கனி.

முதல் அவமானம் ஜார்ஜ் டவுனில், பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் நடந்தது.

“எந்த ஸ்கூலுக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஸ்கூல் இல்ல. வீட்டுக்கு.”

“ஓ, பிள்ளைக்குப் புரோஜெக்ட்டா?”

“எனக்கு.”

கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “அண்ணே, இங்க பாருங்க, அக்கா வீட்டுக்குப் பியூரெட் கேக்குறாங்க. நாசி கண்டார் குழம்பை டெஸ்ட் பண்ணப் போறாங்க போல!”

“ஆமா, குழம்புல உப்பு ஜாஸ்தியா, சில பேருக்கு வாய்ல கொழுப்பு ஜாஸ்தியான்னு பாக்கணும். இருக்கா, இல்லியா?”

இருந்தது. ஆனால் கம்பெனிக் கடிதம் இல்லாமல் தரமாட்டாராம். அமிலத்துக்கல்ல, வெறும் கண்ணாடிக் குழாய்க்கு. அதே வரிசையில் இரண்டு கடை தள்ளி, முழங்கை நீளப் பாராங் கத்திகள் வாசலிலேயே தொங்குகின்றன; அவற்றை யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து எடுத்துப்போகலாம்.

பிறகு இணையத்தில் தேடினார். இங்கே அவரும் ஏமாந்தார். ‘இளம் விஞ்ஞானி’ என்று அட்டை போட்ட ஒரு பெட்டி, படத்தில் சாமான் சாமானாக அடுக்கியிருந்தது. வந்து சேர்ந்ததும் ஒரு பீக்கரில் வெந்நீர் ஊற்றினார். அடி தனியாகக் கழன்று விழுந்தது. ஜன்னல் கண்ணாடியைப் போன்ற சாதாரணக் கண்ணாடி, சூட்டைத் தாங்காது. அதைப் பிள்ளைகளுக்கு என்று விற்கிறார்கள். கூடவே ஒரு ஸ்பிரிட் விளக்கு. அதைப் பற்றவைக்கவும் ஒரு பிள்ளையைத் தூண்டும் படம் அட்டையிலேயே இருந்தது. திருப்பி அனுப்பினால், உடைந்ததை வாங்க முடியாது என்று பதில் வந்தது.

“படத்துல நிறைய இருந்தா நல்ல சாமான்னு நெனச்சேன்” என்கிறார் ஸஹ்ரா. “மேக்கப் செட் வாங்குற புத்தி.”

இரண்டாம் முறை நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். முதலில் வாங்கியது, பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. அடுத்து நைட்ரைல் கையுறை. அதன் பிறகுதான் குடுவைகள். வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி என்று மேலேயே அச்சிட்ட பீக்கர் இரண்டு, கூம்புக் குடுவை ஒன்று. பியூரெட்டின் திருகு கண்ணாடியில் இருந்தால் இறுகிக்கொள்ளும் என்று படித்து, பிளாஸ்டிக் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்கினார். புனல், சொட்டுக்குழாய். அவ்வளவுதான். விளக்கு வேண்டாம், தீ இல்லாமல் பழகக்கூடியதை மட்டும் பழகினால் போதும். எடை பார்க்க, லெபோ பாசாரில் நகை செய்பவர்களுக்குத் தராசு விற்கும் கடையில் உள்ளங்கை அளவுத் தராசு ஒன்று. அங்கே யாரும் கடிதம் கேட்கவில்லை.

பியூரெட்டை நிமிர்த்திப் பிடிக்கத் தாங்கி வேண்டுமே. ஸஹ்ராவின் கணவர் ஷஃபீக், பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை, அதிகம் பேசாதவர். பழுதாகிப்போன நின்றாடும் மின்விசிறியின் தலையைக் கழற்றி, கனமான அடிப்பாகத்தையும் கம்பியையும் மட்டும் வைத்துக்கொண்டார். கம்பியில் ஒரு மைக் கிளிப்பை மாட்டினார். பியூரெட் அதில் கச்சிதமாக நின்றது.

“பாடச் சொல்லு, பாடும்” என்றார். அந்த வாரம் அவர் சொன்ன நீண்ட வாக்கியம் அது.

பழகுவதற்கான பொருட்கள் எல்லாம் ஆயர் ஈத்தாம் சந்தையிலேயே கிடைத்தன. வினிகர். துணிக்குப் போடும் சலவைச் சோடா. நிறம் காட்ட, பலகாரத்துக்கு நீலம் ஏற்ற விற்கும் காய்ந்த சங்குப்பூ. சங்குப்பூச் சாற்றை வினிகரில் விட்டால் இளஞ்சிவப்பு. அதில் சோடாக் கரைசல் சொட்டச் சொட்ட, நுரைத்து நுரைத்து, ஒரு கட்டத்தில் நீலமாகிவிடும். அந்தக் கட்டத்தில் திருகை மூடவேண்டும். முதல் வாரம் ஸஹ்ரா மூடியபோதெல்லாம் பச்சையாகிவிட்டிருந்தது. மூன்றாவது வாரம் நீலத்தில் நின்றது.

அவர் தனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சமையல் பாத்திரம் பால்கனிக்குப் போகாது. பால்கனிப் பாத்திரம் சமையலறைக்கு வராது. பால்கனிச் சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்பு டேப் ஒட்டி, உள்ளே இருப்பதன் பெயரை எழுதினார். தொழிற்சாலை அவருக்குச் செய்யாததைத் தன் வீட்டில் செய்தார் என்று சொல்லவேண்டும்.

அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு முறை மீறினார். மழை ஈரத்தில் சலவைச் சோடாப் பொட்டலம் கிழிந்துபோன ஒரு காலையில், கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் டப்பாவில் அதைக் கொட்டி மூடினார். வேலை முடிந்து வந்து பெயர் எழுதலாம் என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்த டப்பா அவருடையது அல்ல. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமியுடையது. தீபாவளி முறுக்கு வந்த டப்பா.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. பலகாரம் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. முறுக்கு வந்த டப்பாவில் கேக் போகும், கேக் வந்த தட்டில் கேசரி போகும். இந்துவோ முஸ்லிமோ, வெறும் டப்பாவைக் கழுவி நீட்டுவது உறவை முறிப்பதற்குச் சமம். எனவே அவரவர் டப்பாவின் அடியில் அவரவர் அடையாளம் இருக்கும். ஜெயலெட்சுமியின் அடையாளம், சிவப்பு நகப்பூச்சில் ஒரு நட்சத்திரம்.

அது ரமலான் முதல் வாரம்; அன்று ஷஃபீக்குக்கு விடுமுறை. நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் நேரம். ஜெயலெட்சுமிக்குக் கஞ்சி எடுத்துப்போகக் கிளம்பிய ஷஃபீக், தங்கள் பால்கனியில் அவருடைய நட்சத்திர டப்பா இருப்பதைப் பார்த்தார். எத்தனை மாதமாகத் திருப்பித் தராமல் இருக்கிறோம் என்று வெட்கப்பட்டார். வெறும் டப்பாவைத் தரக்கூடாதே என்று திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக, மணல்மணலாக, அரை டப்பா. கஞ்சியோடு அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“சீனின்னு நெனச்சேன்” என்றார் பிற்பாடு. “நல்லவேளை, உள்ள ஏதோ இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்.”

ஜெயலெட்சுமியும் சீனி என்றுதான் நினைத்தார். தேநீரில் ஒரு கரண்டி போட்டு, ஒரு வாய் குடித்து, உடனே துப்பினார். சவர்க்காரச் சுவை, நாக்கில் எரிச்சல். வாய் கொப்பளித்ததும் சரியாகிவிட்டது.

அவர் பயந்தது நியாயம். அதற்குப் பின் செய்தது நியாயமே இல்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கதவைத் தட்டி, “இது என்ன?” என்று கேட்கவில்லை. டப்பாவைப் படம் எடுத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘ஸஹ்ரா வீட்டிலிருந்து வந்தது. சீனி இல்லை. என்ன பவுடர் என்று தெரியவில்லை.’ அதற்குக் கீழே ஒருவர், பின் பால்கனியில் கண்ணாடிக் குழாய் பார்த்ததாக எழுதினார். இன்னொருவர் முகமூடி, கையுறை என்றார். மூன்றாமவர், அந்த அம்மா நகைத் தராசு வைத்திருக்கிறார் என்றார். வெள்ளைத் தூள், குழாய், தராசு. பிற்பகல் அஸர் தொழுகை முடிவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: ஒன்பதாவது மாடியில் போதைப்பொருள் காய்ச்சுகிறார்கள்.

கம்பெனி பஸ் ஸஹ்ராவை இறக்கிவிட்டபோது கீழே போலீஸ் கார் நின்றது. மாடி நடைபாதையில் ஒரு கூட்டம். கூட்டத்தின் முன்னால் குடியிருப்போர் குழுத் தலைவர் திருநாவுக்கரசு, ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா, கையில் தாளில்லாமலே தாள் வைத்திருப்பவரைப்போல நின்றார்.

“தங்கச்சி, ஒண்ணும் பயப்படாதீங்க. உண்மையச் சொல்லிட்டா போதும்.”

“என்ன உண்மை அண்ணே?”

“சியாபு, போதைத்தூள் எல்லாம் பெரிய கேஸு லா.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “நோன்பு மாசத்துல வேற!”

ஸஹ்ரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கிழிந்த சலவைச் சோடாப் பொட்டலத்தைக் கொண்டுவந்து போலீஸ்காரரிடம் நீட்டினார். அவர் படித்தார், முகர்ந்தார், தன் கூட்டாளியைப் பார்த்தார். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கூட்டத்தில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. போதைப்பொருள் இல்லை என்றதும் சிலர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்.

அடுத்த நாள் கீழ்த்தள மண்டபத்தில் குழு கூடியது. ஸஹ்ராவையும் அழைத்தார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி” என்றார் திருநாவுக்கரசு. “வீட்டுல கெமிக்கல் வைக்கக்கூடாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துடுங்க. அவ்வளவுதான்.”

“வினிகர் கெமிக்கலா அண்ணே?”

“அச்சார்ல ஊத்துனா சமையல். கண்ணாடிக் குழாய்ல ஊத்துனா கெமிக்கல்.”

மண்டபம் சிரித்தது. ஸஹ்ரா சிரிக்கவில்லை.

“டப்பாவுல பேர் எழுதாம வச்சது என் தப்பு. ஒத்துக்கிறேன். மாடிப்படிக்குக் கீழ மினரல் வாட்டர் போத்தல்ல ஆசிட் ஊத்தி வச்சிருக்கீங்களே, அதுல யார் பேர் எழுதியிருக்கு?”

“அது கக்கூஸ் கழுவ. கமிட்டி சாமான்.”

“தாகம் எடுத்த பிள்ளைக்கு அது கமிட்டி சாமான்னு தெரியுமா?”

“நாம இப்பப் பேச வந்தது அதில்ல, தங்கச்சி.”

அந்தப் போத்தல்கள் இதை எழுதும் நாளிலும் அங்கேதான் இருக்கின்றன. மூன்றில் ஒன்று மூடி சரியாக இல்லாமல், சைக்கிள்களுக்குப் பக்கத்தில். பெயர் எழுதாத ஒரு டப்பாவுக்காக ஒரு பெண்ணின் வாசலில் போலீஸை நிறுத்தியவர்கள், அந்தப் படியில் தினமும் ஏறி இறங்குகிறார்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஸஹ்ரா குழுவின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார். வாடகை வீடு, வீட்டுக்காரர் வரை போனால் வீடே போய்விடும். சலவைச் சோடாவைத் துணி துவைக்கப் போட்டார். வினிகரைச் சமையலறைக்கு அனுப்பினார். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பழகினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஷஃபீக் சொல்லிப் பார்த்தார்.

“அங்கதானே வைக்கக்கூடாது” என்றார் ஸஹ்ரா. “பயந்து பயந்து, உண்மையிலயே ஆபத்தான வேலையைச் செய்யச் சொல்றீங்களா?”

இதற்கிடையே ஜெயலெட்சுமி வாசலுக்கு வந்தார். கையில் ஒன்றுமில்லை.

“நான் போலீஸைக் கூப்பிடல ஸஹ்ரா. படம்தான் போட்டேன்.”

“கதவைத் தட்டியிருந்தா தொறந்திருப்பேனே ஜெயாக்கா.”

“நாக்கு எரிஞ்சிச்சு. பயந்துட்டேன்.”

“அது என் தப்பு. உங்க நாக்குக்கு நான் மன்னிப்பு கேக்குறேன். படத்துக்கு நீங்க கேளுங்க.”

“உனக்குக் கோவம் வந்தா நல்லாத்தான் பேசுற” என்று சொல்லிவிட்டு ஜெயலெட்சுமி தன் வீட்டுக்குள் போனார். சிறிது நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: அது சலவைச் சோடா, தவறு என் பேரில், ஸஹ்ராவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கட்டை விரல் காட்டியவர்கள் நான்கு பேர். படத்தைப் பரப்பியவர்களில் ஒருவரும் அதில் இல்லை. அதற்குள் அந்தப் படம் ஆயர் ஈத்தாமின் வேறு அடுக்குமாடிக் குழுக்களுக்கும் போய்விட்டிருந்தது. சந்தையில் மீன் வாங்கும்போது இருவர் அவரை உற்றுப் பார்த்தார்கள்.

மீதி இரண்டு வாரமும் ஸஹ்ரா வெறும் தண்ணீரில் பழகினார். தண்ணீரை யாரும் கெமிக்கல் என்று சொல்லவில்லை. பியூரெட்டை நிரப்புவார், நீர்மட்டத்தின் வளைவில் அடிப்புள்ளியைக் கண்ணுக்கு நேராக வைத்து அளவைப் படிப்பார், இடக்கையால் திருகைத் திறந்து, வலக்கையால் குடுவையைச் சுழற்றுவார், ஒரு சொட்டு, அரைச் சொட்டு என்று நிறுத்துவார். நிறம் மாறுவதை மட்டும் பழக முடியவில்லை. எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் தேர்வே.

நோன்பு வைத்துக்கொண்டே தேர்வுக்குப் போனார். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் அமிலம் எவ்வளவு என்று சொல்லவேண்டும். மூன்று முறை செய்து, குறைந்தது இரண்டு அளவுகள் ஒத்துப்போகவேண்டும். ஷர்வின் பக்கத்தில் நின்றார்.

முதல் முறை கோட்டைவிட்டார். நீலத் திரவத்தில் நிறம் மாறுவது சங்குப்பூவைப்போல வெளிப்படையாக இல்லை. அவர் கண்டுபிடித்தபோது தாண்டிப்போயிருந்தது.

“இன்னும் ரெண்டு இருக்குக்கா” என்றார் ஷர்வின்.

“எனக்கு எண்ணத் தெரியும் தம்பி.”

குடுவைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். இரண்டாம் முறை, கடைசிப் பகுதியை அரைச் சொட்டுகளாக இறக்கினார். மூன்றாம் முறையும் அப்படியே. இரண்டும் ஒத்துப்போயின. ஷர்வின் இரண்டு முறை சரிபார்த்தார்.

“எங்கக்கா பழகுனீங்க? இந்த லேப்புக்குள்ள நீங்க வந்ததே இல்லியே.”

“வந்ததில்ல இல்ல, விட்டதில்ல. வீட்டுல பழகுனேன். அதுவும் பாதி நாள் தண்ணியில.”

“தண்ணியிலயா?”

“போலீஸ் வந்தாங்க, கமிட்டி வந்திச்சு. தண்ணியை மட்டும்தான் விட்டுவச்சாங்க.”

அடுத்த முறை விண்ணப்பிக்கும் ஆப்பரேட்டர்களையாவது மதிய இடைவேளையில் உள்ளே விடலாமே என்று அவர் கேட்டார். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார் ஷர்வின். இதுவரை மேலிருந்து ஒன்றும் வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம் முடிவு வந்தது. வரும் ஏப்ரல் 7, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸஹ்ரா பீவி ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்கிறார். முதல் ஆறு மாதம் ஆப்பரேட்டர் சம்பளம்தான்.